அமிர்தத்தின் நாள்காட்டித் தாள்களும் ஒரு தாடி ஓணானும்

19-02-2023 ... 386 கிராம்
25-08-2023 ... 421 கிராம்
08-03-2024 ... 438 கிராம்
06-09-2024 ... 433 கிராம்
27-09-2024 ... 409 கிராம்
03-10-2024 ... எக்ஸ்ரே, ரூ. 900
25-10-2024 ... 398 கிராம்
27-12-2024 ... 415 கிராம்
14-02-2025 ... 436 கிராம்
20-02-2025 ... எக்ஸ்ரே, ரூ. 900

இது ஓர் ஓணானின் கணக்கு. எழுதியவர் மணலூர்பேட்டை அமிர்தம். வயது நாற்பத்தெட்டு. படிப்பு எட்டாம் வகுப்பு. சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் கிடையாது. நாற்று நடுவார், களை எடுப்பார், கரும்பு வெட்டுக்குப் போவார். நடுவில் ஆறு வருடம் நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தார். வந்தவர் பெயரை மஸ்டர் ரோலில் அன்றன்றே எழுதுவார். வராதவர் பெயரை யார் கெஞ்சினாலும் எழுத மாட்டார். ஒரு நாள் அவருடைய கணவர் சின்னதுரையே பத்தரை மணிக்கு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தார்.

"யோவ், மணி இன்னா ஆவுது? வந்த வழியே வூட்டுக்குப் போயி சோத்த வடிச்சி வை. உனக்கு இன்னிக்கி ஆப்சென்ட்டு" என்றார் அமிர்தம், தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

சுற்றியிருந்த நாற்பது பேரும் சிரித்தார்கள். சின்னதுரையும் சிரித்துவிட்டுப் போய்ச் சோறு வடித்தார். "எம் பொண்டாட்டிகிட்ட எமனே வந்தாலும் நேரத்துக்கு வந்து கையெழுத்துப் போடணும்" என்று இன்றைக்கும் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லும்போது மீசையை ஒரு தரம் தடவிக்கொள்வார்.

அமிர்தம் களை எடுக்கப் போகும் வீடுகளில் கந்தசாமி, ஆண்டாள் தம்பதியரின் வீடு ஒன்று. எட்டு ஏக்கர் நெல்லும் கரும்பும். அவர்களுடைய ஒரே மகன் இளவரசன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். கம்பெனி அவனை ஜெர்மனிக்கு அனுப்பியது. புறப்படுவதற்கு முன், 2023 பிப்ரவரி 19 ஞாயிற்றுக்கிழமை, ஒரு வாடகை வண்டியில் நான்கடி நீளக் கண்ணாடிப் பெட்டியுடன் வந்து இறங்கினான். பெட்டிக்குள் பிஸ்கட் நிறத்தில் ஒரு ஓணான். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், தட்டையான உடம்பு, தாடைக்குக் கீழே முள்முள்ளாகத் தாடி.

"இன்னாடா இது? வேலியில ஓடுறத புடிச்சி கண்ணாடிப் பொட்டியில வச்சி, அதுக்கு ரெண்டு லைட்டு வேற போட்டுக் கொண்டாந்துகிற?" என்றார் ஆண்டாள்.

"அம்மா, இது ஆஸ்திரேலியா ஓணான்மா. பியர்டட் டிராகன். பேரு பிஸ்கட். இது எனக்குக் கொழந்த மாதிரி. ரெண்டு வருஷம் பாத்துக்கோங்க."

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கலாம்னா வேணாங்கிற, கொழந்தைய மட்டும் கொண்டாந்து வுடுற. நான் தொட மாட்டேன்டா சாமி."

கந்தசாமி எட்டிப் பார்த்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். களத்தில் நெல் அள்ளிக்கொண்டிருந்த அமிர்தம்தான் பெட்டியின் அருகில் வந்து குந்தினார். ஓணான் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது. பிறகு வலது முன்காலை மெதுவாகத் தூக்கி, ஒரு வட்டம் சுற்றி, கீழே வைத்தது.

"தம்பி, இது எனக்கு டாட்டா காட்டுதுப்பா!"

"ஆமாக்கா. நான் உனக்கு ஒண்ணும் செய்ய மாட்டேன், நீயும் என்னை ஒண்ணும் செய்யாதன்னு சொல்லுது."

"அது சரி. இவ்ளோ பேசுற ஆள நான் பாத்துக்கிறேன் போ" என்றார் அமிர்தம்.

அப்படித்தான் அந்தப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. இளவரசன் தமிழில் தட்டச்சு செய்த இரண்டு தாள்களைக் கொடுத்தான். பெட்டியின் ஒரு முனையில் சூடு நாற்பது டிகிரி இருக்க வேண்டும், மறு முனை குளுமையாக இருக்க வேண்டும், எங்கே இருப்பது என்பதை ஓணானே முடிவு செய்துகொள்ளும். தரையில் மணல் கூடாது. இரையோடு சேர்த்து விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். செய்தித்தாள் போதும். தினமும் காலையில் பரங்கிக்காய்த் துருவலும் முருங்கை இலையும். வாரத்தில் மூன்று நாள் பூச்சி. பூச்சி, ஓணானின் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. பூச்சியின்மேல் கால்சியப் பொடி தூவ வேண்டும். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பூனை, காக்கை பயம் இருப்பதால் வெளியே விடவே கூடாது. பூச்சிக்காக அவனே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் முட்டை அட்டைகளை அடுக்கி, வெளிநாட்டுக் கரப்பான்பூச்சிகளை வளர்த்துக் கொண்டுவந்திருந்தான்.

"ஊர்ல இருக்கிறவங்க கரப்பான்பூச்சிய கொல்ல காசு செலவு பண்றாங்க. எம் புள்ள அத வளக்க காசு செலவு பண்றான்" என்று ஆண்டாள் தலையில் அடித்துக்கொண்டார்.

பெட்டியைக் கிழக்கு ஜன்னலின் கண்ணாடிக்கு அருகில் வைத்தார்கள். காலை வெயில் கண்ணாடி வழியாக நேராக ஓணானின் முதுகில் விழுந்தது. அமிர்தத்துக்கு அது மிகவும் பிடித்திருந்தது. கூடத்துச் சுவரில் தினசரி நாள்காட்டி தொங்கியது. அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்புறம் எழுதினார்: "ஓணான் வந்தது. தம்பி சொன்ன எடை 386 கிராம். புதுக் குழல் விளக்கு, தம்பி கையால் மாட்டினது." அன்று முதல் ஒவ்வொரு நாள் தாளும் ஓணானுக்குத்தான். என்ன தின்றது, எத்தனை பூச்சி, வெளிக்குப் போனதா, தோல் உரிந்ததா, சூடு எவ்வளவு. மாதம் முடிந்ததும் தாள்களை நூலால் கட்டி, தன் வீட்டு அரிசி டின்னுக்குள் வைப்பார். பிஸ்கட் என்ற பெயர் அவர் வாயில் பிஸ்கோத்து ஆயிற்று. தாள்களிலும் அப்படியே.

வெள்ளிக்கிழமை எடை போடும் நாள். தமிழழகனின் மளிகைக் கடையில் எலக்ட்ரானிக் தராசு உண்டு. முதல் முறை அமிர்தம் மூடி போட்ட டப்பாவைக் கொண்டுபோய் வைத்தபோது, உள்ளே இருந்ததைப் பார்த்துத் தமிழழகன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"அக்கா, உடும்பா? ஃபாரஸ்ட்டு ஆளுங்க உன்ன தூக்கினு போயிடுவாங்க!"

"உடும்பு உன் வீட்டு ஆட்டுக்குட்டி அளவுக்கு இருக்கும். இது ஓணான், ஆஸ்திரேலியா. ஒரு பேப்பர விரி, டப்பா எடய கழி, சொல்லு."

"முன்னூத்தி எம்பத்தொம்பது. கிலோ இன்னா வெல?"

"உன் நாக்க அறுத்து இதே தராசுல வச்சா எவ்ளோ வரும்னு பாக்கட்டா?"

நாலாவது வாரத்திலிருந்து தமிழழகன் கேட்காமலே பேப்பர் விரித்தான். எடையைச் சொல்லும்போது, கடையில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொல்வான். வெள்ளிக்கிழமை பிஸ்கோத்தின் எடை என்னவென்று கேட்டுவிட்டுப் பருப்பு வாங்கிப்போகும் பெண்கள் நாலைந்து பேர் உண்டு.

ஒரு வருடம் நன்றாகவே போயிற்று. 2024 பிப்ரவரி 13 செவ்வாய்க்கிழமை, இளவரசன் எங்கிருந்தோ ஆர்டர் போட்டு ஒரு நீளமான பார்சல் வந்தது. உள்ளே ஒரு புதுக் குழல் விளக்கு. போனில் கேட்டதற்கு, "லைட்டுக்கு ஸ்பேர்மா" என்று மட்டும் சொன்னான். அவசரத்தில் இருந்தான் போலும்.

"பழசு நல்லாத்தான எரியுது? எரியுற லைட்ட எவனாவது கழட்டிப் போடுவானா? அது பீஸ் போவட்டும், அப்புறம் மாட்டிக்கலாம்" என்றார் ஆண்டாள்.

அமிர்தத்துக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஒரு தீக்குச்சியை இரண்டாகப் பிளந்து இரண்டு தரம் பற்றவைக்கிறவர்களின் வீட்டில் வளர்ந்தவர் அவர். ஏணி போட்டு ஏறிப் பரணில் விளக்கைப் பத்திரமாக வைத்தார். அன்றைய தாளில் எழுதவும் எழுதினார்: "புது விளக்கு வந்தது. பழசு எரிவதால் மாட்டவில்லை. பரணில் வைத்தோம். ஆண்டாளம்மாவும் நானும்."

செப்டம்பர் 5, வியாழக்கிழமை. பரங்கித் துருவல் வைக்கும்போது பிஸ்கோத்தின் வலது முன்கால் விரல்கள் நடுங்கின. இரண்டு தரம். குளிராயிருக்கும் என்று அமிர்தம் வெப்பமானியைப் பார்த்தார். நாற்பதுதான். தாளில் எழுதினார்.

அடுத்த வியாழன் ஆண்டாள் வீட்டில் ஒரு விபரீதம். பேத்தி முறையான ஒரு பெண்ணுக்குக் காது குத்து, உறவினர்கள் வரப்போகிறார்கள். ஆண்டாள் வீட்டைச் சுத்தம் செய்தவர், சமையலறையிலும் கூடத்திலும் கரப்பான்பூச்சி மருந்தை ஒரு டப்பா முழுக்க அடித்துவிட்டார். ஓணான் அறையின் கதவு நல்ல வேளையாகச் சாத்தியிருந்தது. வளர்ப்புக் கரப்பான்பூச்சி டப்பா கூடத்தில் இருந்தது. மறுநாள் காலை அமிர்தம் மூடியைத் திறந்தபோது எல்லாம் மல்லாந்து கிடந்தன.

"கரப்பான்பூச்சின்னு மருந்து அடிச்சேன், அதுவும் கரப்பான்பூச்சிதான, செத்துப்போச்சு. மருந்து நல்ல மருந்துதான்" என்ற ஆண்டாளின் முகம், சொல்லி முடிப்பதற்குள் சுருங்கிவிட்டது.

இனி பூச்சிக்கு எங்கே போவது? வயலில் வெட்டுக்கிளி வேண்டிய மட்டும் உண்டு. ஆனால் எந்த வயலில் என்ன மருந்து என்று அமிர்தத்துக்குத் தெரியும். ஊரில் முக்கால்வாசி வயலுக்கு மருந்து அடிக்கும் டேங்க், சின்னதுரையின் முதுகில்தான் ஏறும்.

"மேலத் தெருவார் கொல்லை?"

"சனிக்கெழம அடிச்சேன்."

"ஏரிப் பக்கம்?"

"நேத்து. இன்னிக்கி மத்தியானம் நம்ம கந்தசாமி வயலு. அமிர்தம், இந்த ஊருல மருந்து படாத வெட்டுக்கிளின்னா, எம் முதுகு மேல குந்தினு வர்றதுதான். அதுக்கும் நான் உத்தரவாதம் குடுக்க மாட்டேன்."

மருந்து பட்ட பூச்சியைத் தின்றால் ஓணானுக்கும் அதே கதிதான். அமிர்தம் யோசித்தார். கள்ளக்குறிச்சியில் பணித்தளப் பொறுப்பாளர் பயிற்சி நடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளிமலை ராதிகா நினைவுக்கு வந்தார். கல்வராயன் மலைச்சரிவில் சாமை போடுகிறவர். போன் செய்தார்.

"எங்க சாமைக்கு மருந்து அடிக்க எங்ககிட்ட ஏதுக்கா காசு? மழ அடிக்கும், வெயில் அடிக்கும், அவ்ளோதான். வா, வேணுங்கிற அளவு புடிச்சினு போ" என்றார் ராதிகா.

செப்டம்பர் 16, திங்கள். அமிர்தம் முதல் பேருந்தில் கள்ளக்குறிச்சி போய், அங்கிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலைப் பேருந்து பிடித்தார். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு தரம் வாந்தி எடுத்தார். மேலே, இடுப்பளவு சாமைப் பயிருக்குள் ஒரு பழைய கொசுவலையை வீசி வீசிப் பிடித்தார்கள். ராதிகா ஒவ்வொன்றையும் விரலால் அளந்து, பெரியதை விட்டுவிட்டார். அறுபத்து நாலு சேர்ந்தது.

"நான் அரிசியில பூச்சி பொறுக்குனது உண்டு. ஓணானுக்குப் பூச்சி பொறுக்குறது இன்னிக்கித்தான்" என்றார் ராதிகா. "அது பேரு இன்னான்ன? பிஸ்கோத்தா? டீயில முக்கிடப் போறீங்க."

வாரம் ஒரு நாள் அப்படிப் போய் வந்தார். ஆனால் பிஸ்கோத்து தேறவில்லை. நடுக்கம் பின்காலுக்கும் வந்தது. செப்டம்பர் 27 அன்று வயிற்றைத் தூக்கி நடக்க முடியாமல் தரையோடு தேய்த்துக்கொண்டு போனது. தாடையைத் தொட்டால் அழுகல் பழம்போல மெத்தென்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இளவரசன் வீடியோ காலில் வந்தான். காது குத்துக்கு வந்த உறவினர்கள் இன்னும் போகவில்லை. கூடம் நிறையக் கூட்டம்.

"யாரு மலையிலேர்ந்து பூச்சி புடிக்கச் சொன்னது? கண்டத குடுத்துதான் இப்படி ஆச்சு" என்று கத்தினான். "வேணாம்க்கா. நீங்க இனிமே அதத் தொடாதீங்க. பெங்களூர்லேர்ந்து எம் ஃபிரண்டு வருவான், பதிமூணாந் தேதி. எடுத்துக்கினு போயிடுவான்."

கூடத்தில் எல்லோரும் அமிர்தத்தைப் பார்த்தார்கள். ஆறு வருடம் மஸ்டர் ரோல் எழுதியபோதுகூட அவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"தம்பி, தாள பாத்துட்டு பேசுறேன்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்குப் போய் அரிசி டின்னைக் கவிழ்த்தார். நடுக்கம் எழுதியது ஐந்தாம் தேதி. மலைப் பூச்சி முதன்முதலாகப் போட்டது பதினாறாம் தேதி. நடுவில் பதினோரு நாள். பூச்சி வருவதற்குப் பதினோரு நாள் முன்னமே நோய் வந்துவிட்டது. ராதிகாவின் சாமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அப்படியானால் எதனால்? அதுதான் தெரியவில்லை. தெரியாமல் பதிமூன்றாம் தேதி வந்துவிட்டால், இந்த நிலையில் பெங்களூர் வரை பிஸ்கோத்து உயிரோடு போய்ச் சேருமா என்பதே சந்தேகம்.

மறுநாள் கள்ளக்குறிச்சி கால்நடை மருத்துவர் அறிவுச்செல்வனிடம் கொண்டுபோனார். அவர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, நேர்மையாகவே சொன்னார்.

"அம்மா, மாடு, ஆடு, கோழி, நாய்னா நான் பொறுப்பு. இதப் படத்துலதான் பாத்திருக்கேன். தெரியாத வைத்தியம் பண்ணமாட்டேன். சென்னையில பறவை, பாம்பு, ஆமைக்கெல்லாம் பாக்குற கோகிலவாணி டாக்டர் இருக்காங்க. இப்பவே பேசுறேன்."

அக்டோபர் 3, வியாழக்கிழமை. ஒரு கட்டைப் பையில் பிஸ்கோத்து, இன்னொன்றில் இருபது மாதத் தாள்கள். சென்னைப் பேருந்தில் அமிர்தம் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் கோகிலவாணி எக்ஸ்ரே எடுத்தார். எலும்புகள் இருக்க வேண்டிய இடத்தில் புகைபோல ஏதோ தெரிந்தது. கால்சியம் எலும்பில் ஏறவே இல்லை என்றார். என்ன உணவு, என்ன பொடி, எவ்வளவு சூடு என்று கேட்டார். கேட்கக் கேட்க அமிர்தம் தாளை எடுத்து நீட்டினார். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. அந்தக் குழல் விளக்கு எப்ப மாட்டினது?"

"பத்தொம்பது, ரெண்டு, இருவத்தி மூணு."

"அப்புறம் மாத்தவே இல்லையா?"

"நல்லா எரியுதே டாக்டரம்மா. பளிச்சுனு எரியுது."

"எரியும்மா. நம்ம கண்ணுக்குத் தெரியற வெளிச்சம் வரும். அது எலும்புக்குக் கால்சியத்தச் சேக்குற கதிர் இல்ல. அந்தக் கதிர் ஒரு வருஷத்துல தீந்துடும். அதுக்கப்புறம் அது வெறும் டியூப்லைட்டுதான்."

"காலையில வெயில் படுதுங்க. ஜன்னலாண்டதான் வச்சிருக்கேன்."

"கண்ணாடிக்குள்ளயா?"

"ஆமா."

"கண்ணாடி அந்தக் கதிர வெளியவே நிறுத்திடும்."

அமிர்தம் பையைக் கிளறி, 2024 பிப்ரவரி கட்டைப் பிரித்து, பதிமூன்றாம் தேதித் தாளை எடுத்து டாக்டரின் முன் வைத்தார். பரணில் வைத்தோம், ஆண்டாளம்மாவும் நானும்.

"புது லைட்டு வூட்டுலயே கீது டாக்டரம்மா. ஏழு மாசமா. நாந்தான் ஏணி போட்டு ஏறி மேல வச்சேன்."

டாக்டர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத நீங்க காட்டாம இருந்திருக்கலாமே? யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"எழுதினத எப்படிங்க மறைக்கிறது? மலப் பூச்சி மேல பழி இல்லன்னு சொல்ற தாளும் இதே கட்டுதான். அது மட்டும் நெஜம், இது மட்டும் பொய்னு ஆவுமா?"

அன்று டாக்டரே ஜெர்மனிக்குப் பேசினார். போனை ஸ்பீக்கரில் போட்டார். பதினோரு நாள் கணக்கைச் சொன்னார், விளக்குக் கணக்கையும் சொன்னார். "இந்த நிலையில இது பெங்களூர் போகாது மிஸ்டர் இளவரசன். இங்க வந்து திரும்புறதே அதிகம், மறுபடியும் ஆடுற பஸ்ல ஏத்தினா எலும்பு முறியும். ஊர்லயே இருக்கட்டும். பிப்ரவரியில மறுபடி எக்ஸ்ரே எடுப்போம்."

எதிர்முனையில் இளவரசன் சொன்னான்: "சரி டாக்டர். பிப்ரவரி வரைக்கும். எலும்பு சேரலன்னா ஃபிரண்டுகிட்ட குடுத்துடலாம்."

அமிர்தம் போனின் பக்கம் குனிந்தார். "தம்பி, எந் தப்ப நான் எழுதி வச்சிருக்கேன். மலப் பூச்சியப் பத்தி நீங்க பத்து பேரு முன்னால சொன்னீங்க. அது தப்புன்னு நீங்களும் எழுதிக் குடுக்கணும். போன்ல சொன்னா காத்தோட பூடும்."

அவன் போனை வைத்துவிட்டான்.

டாக்டர் கொடுத்த திரவக் கால்சியத்தை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கீழ் உதட்டோரம் ஒவ்வொரு சொட்டாக விட வேண்டும். வந்த அன்றே பரணில் இருந்த விளக்கு இறங்கி மாட்டப்பட்டது. மாட்டிய தேதியோடு, அடுத்து மாற்ற வேண்டிய தேதியையும் விளக்கின் பட்டையிலேயே ஒட்டினார் அமிர்தம். அதைவிடப் பெரிய மருந்து ஒன்றை டாக்டர் சொல்லியிருந்தார்: வெயில். கண்ணாடி இல்லாத நேர் வெயில், தினமும் காலை அரை மணி நேரம்.

"வெயிலா? சித்திர வந்தா ரோட்டுல தாரு உருகும் இந்த ஊருல. இங்க ஒரு ஓணானுக்கு வெயில் பத்தாம வியாதி வந்துச்சுன்னு சொன்னா எவனாவது நம்புவானா?" என்று சின்னதுரை விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, கோழி வலையும் மூங்கில் பிளாச்சும் வைத்து ஒரு கூண்டு கட்டிக் கொடுத்தார். பாதிக் கூண்டுக்கு மேலே தென்னங்கீற்று. சூடு அதிகமானால் ஓணான் நிழலுக்கு நகர வேண்டும்.

தினமும் ஏழரை மணிக்குக் கூண்டு களத்துக்கு வந்தது. காக்கைகளும் வந்தன. மூன்றாம் நாள், கையில் ஒரு துவரைக் குச்சியோடு ஆண்டாள் வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

"நீ போயி கள எடு அமிர்தம். நான் குந்திக்கினு காக்கா ஓட்டுறேன்."

"நீங்க அதத் தொட மாட்டேன்னீங்களே?"

"தொடல. காக்காவத்தான் தொரத்துறேன். அதுக்கு இன்னா இப்ப?"

அக்டோபர் 25-ல் எடை 398 கிராம். தமிழழகன் அன்று மெல்லத்தான் சொன்னான். நவம்பரில் நடுக்கம் நின்றது. எடை மெல்ல ஏறத் தொடங்கியது. தாள்களை மாதாமாதம் பதிவுத் தபாலில் சென்னைக்கு அனுப்பினார் அமிர்தம். டாக்டரும் கடிதமாகவே பதில் எழுதினார். சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று அமிர்தம் கேட்டிருந்தார். முதல் கடிதத்தில் டாக்டர் மருந்தின் அளவைக் குறைக்கச் சொல்லியிருந்தார். மலையிலிருந்து பூச்சி எடுக்கலாம், ஆனால் மின்மினிப்பூச்சி ஒன்றுகூடக் கலந்துவிடக் கூடாது, ஒன்றே கொன்றுவிடும் என்றும் எழுதியிருந்தார். அந்த வரியை அமிர்தம் போனில் ராதிகாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினார்.

டிசம்பர் முதல் தேதி புயல் மழையில் பெண்ணை ஆறு கரை புரண்டது. ஊருக்குள் தண்ணீர், மூன்று நாள் மின்சாரம் இல்லை. விளக்கும் இல்லை, வெயிலும் இல்லை. குளிர்ந்துபோனால் ஓணானுக்குத் தின்றது செரிக்காது, வயிற்றிலேயே கெட்டுப்போகும். "அதுக்கு ரெண்டு முருங்கையிலயாவது குடு, பாவம், பட்டினியா கெடக்குது" என்று ஆண்டாள் கெஞ்சினார்.

"குடுத்தா செத்துடும்மா. சூடு வர்ற வரைக்கும் ஒண்ணும் கெடயாது."

விறகடுப்பில் வெந்நீர் வைத்து, பாட்டில்களில் ஊற்றி, துண்டு சுற்றிப் பெட்டியின் ஓரத்தில் அடுக்கினார். ஆறியதும் மாற்றினார். மாற்றும் நேரத்தில் பிஸ்கோத்தை ஒரு பழைய வேட்டியில் சுற்றித் தன் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். மூன்றாம் நாள் கந்தசாமி, அதுவரை ஓணான் அறையில் கால் வைக்காதவர், நனைந்த விறகுக்குப் பதிலாகத் தான் பூட்டி வைத்திருந்த சவுக்குக் கட்டையைத் தோளில் தூக்கிவந்து அடுப்படியில் போட்டார். "எரியட்டும்" என்றார். நான்காம் நாள் விளக்கு எரிந்தது. பிஸ்கோத்து சூட்டு விளக்கின் கீழிருந்த கல்லில் ஏறி, வாயைத் திறந்தபடி, ஒரு மணி நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு இறங்கி வந்து பரங்கித் துருவலைத் தின்றது. தன் வயிற்றைத் தூக்கிக்கொண்டு, நாலு காலால் நடந்து வந்து தின்றது. அமிர்தம் அந்தத் தாளில் "நடந்தது" என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு போட்டிருக்கிறார். இருபத்தைந்து மாதத் தாள்களிலும் வேறு எந்தச் சொல்லின் கீழும் கோடு கிடையாது.

2025 பிப்ரவரி 20, வியாழக்கிழமை. சென்னையில் இரண்டாவது எக்ஸ்ரே. டாக்டர் இரண்டு படங்களையும் வெளிச்சப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். போன தரம் புகையாக இருந்த இடத்தில் இப்போது வெள்ளை வெளேரென்று எலும்பு. ஒவ்வொரு விலாவையும் எண்ணலாம். அமிர்தம் எண்ணவும் எண்ணினார்.

"கீழ்த் தாடை கொஞ்சம் வளஞ்சிதான் இருக்கும், அது போகாது. மத்தபடி இது ஆரோக்கியமான பிராணி. எங்க காலேஜ் பிள்ளைங்களுக்குக் காட்ட இந்தத் தாளையெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக்கட்டுமாம்மா?"

"எடுத்துக்கோங்க. பதிமூணு, ரெண்டு, இருவத்தி நாலு தாளயும் சேத்து எடுங்க. அத வுட்டுட்டா கணக்கு சரியா வராது."

டாக்டர் அன்றே இளவரசனிடம் சொல்லிவிட்டார். ஆனால் அவனிடமிருந்து மணலூர்பேட்டைக்குப் போன் வரவில்லை. ஒரு வாரம், பத்து நாள். ஃபிரண்டு எப்போது வருவான் என்று ஆண்டாளுக்கும் தெரியவில்லை. கேட்கவும் தயங்கினார். அமிர்தம் வழக்கம்போல ஏழரைக்குக் கூண்டை வெளியே வைத்தார், எட்டுக்கு உள்ளே எடுத்தார், தாளில் எழுதினார்.

பிறகு தபால்காரர் அமிர்தத்தின் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். ஆண்டாள் வீட்டு முகவரி இல்லை அது. "திருமதி சி. அமிர்தம்" என்று தமிழில் எழுதியிருந்தது. ஜெர்மன் தபால் தலை. சின்னதுரை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "வெளிநாட்டுலேர்ந்து உனக்கே லட்டர் போடுறாங்களா? நான் இன்னும் அதே டேங்கத்தான் தூக்கினு கீறேன்."

அமிர்தம் பிரித்து, வாய்விட்டுப் படித்தார். மலைப் பூச்சியால் நோய் வரவில்லை, அப்படிச் சொன்னது தன் தவறு என்று இளவரசன் கைப்பட எழுதியிருந்தான். விளக்கை ஏன் மாற்ற வேண்டும் என்று சொல்லாமல் விளக்கை மட்டும் அனுப்பியதும் தன் தவறு. இதை ராதிகா அக்காவுக்கும் படித்துக் காட்டவும். நண்பர் வரமாட்டார். தான் இன்னும் சில வருடங்கள் ஜெர்மனியில்தான் இருக்கப்போவதால், பிஸ்கட் வாங்கிய ரசீதையும், இனிமேல் வளர்ப்பவர் அமிர்தம்தான் என்ற கையெழுத்துப் போட்ட தாளையும் இத்துடன் வைத்திருப்பதாக முடித்திருந்தான்.

அமிர்தம் கையெழுத்தைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார். அவன் எழுதியது பிப்ரவரி 21, எக்ஸ்ரே எடுத்த மறுநாளே. சின்னதுரையைப் பேனா எடுத்துவரச் சொன்னார். கடிதத்தின் மேல்மூலையில், மஸ்டர் ரோலில் எழுதும் அதே நிமிர்ந்த எழுத்தில், அது தன் கைக்கு வந்து சேர்ந்த நாளை எழுதினார்: 06-03-2025, வியாழன்.